சாம் மெக்கீய பாடமா வைக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கிலப் பாடம் தயார் பண்றவங்க, அதுக்கு ஒர்க்ஷீட் எழுதுறவங்க, கவிதைத் தொகுப்பு போடுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல முக்காவாசிப் பேருக்கு தமிழ் தெரியாதுன்னு எனக்கு தெரியும். யாராவது மெஷின்ல போட்டுத்தான் படிப்பீங்க, பாதி தப்பாத்தான் வரும், பரவால்ல. எனக்கு கோவம் தமிழ்லதான் ஒழுங்கா வருது. அதோட இத நெசமா படிக்கப்போறது என்ன மாதிரி ஆளுங்கதான், பிள்ளை ஸ்கூல்ல இருந்து கொண்டு வர்ற பேப்பர ராத்திரி பத்து மணிக்கு டைனிங் டேபிள்ல வச்சு கூட உக்காந்து படிக்கிற அப்பா அம்மாமார்.

நான் இருக்கிறது எட்மன்டன்ல. பொண்ணு ஆறாம் கிளாஸ். போன மாசம், ராபர்ட் சர்வீஸ்னு ஒரு கவிஞர் நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதுன சாம் மெக்கீங்கற ஆங்கிலப் பாட்ட மனப்பாடம் பண்ணி கிளாஸ்ல சொல்லணும்னு கொண்டு வந்தா. கூடவே ஒரு ஒர்க்ஷீட். மேல கவிஞர பத்தி நாலு வரி, அதுல ரெண்டாவது வரி, "கிளாண்டைக் தங்க வேட்டையில கலந்துக்கிட்டு தான் கண்ணால பாத்தத பாடுனவர்". கீழ பதினோரு கேள்வி. இதுல மூணு உவமை கண்டுபிடி, ரெண்டு ஆளுருவகம் கண்டுபிடி, கதை சொல்லியோட மனநிலைய ஒரு வார்த்தையில எழுது, இப்படியே போகுது. சத்தமா ஒரு தடவ படிச்சுப் பாருங்கன்னு எந்த எடத்துலயும் இல்ல.

முதல்ல அந்த ரெண்டாவது வரி. அது தப்புங்க. சின்ன தப்பு இல்ல, ஆள தலைகீழா நிப்பாட்டுற தப்பு.

கனடாவோட வடமேற்கு மூலையில யூகான்னு ஒரு பகுதி, அங்க கிளாண்டைக் ஆத்துப் பக்கம் தங்கம் கெடைச்சது 1896 ஆகஸ்ட். ராபிட் க்ரீக்னு ஒரு ஓடை, பின்னாடி அதுக்கு பொனான்சான்னு பேர் வந்துச்சு. அடுத்த வருஷம் ஜூலையில தங்க மூட்டையோட ஒரு கப்பல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இன்னொண்ணு சியாட்டலுக்கும் வந்து சேந்ததும் உலகமே கெளம்பிருச்சு. சுமார் 1 லட்சம் பேரு புறப்பட்டாங்க, அதுல போய்ச் சேந்தது 30,000, 40,000 பேருதான்னு சொல்றாங்க. அந்த நேரம் நம்ம சர்வீஸ் எங்க இருந்தாரு? ஸ்காட்லாந்துல பேங்க் வேலைய விட்டுட்டு கௌபாய் ஆகப்போறேன்னு கப்பலேறி வந்த பையன், பசிபிக் கரையோரமா நாடோடியா திரிஞ்சுக்கிட்டு, கலிஃபோர்னியாவுல ஆரஞ்சு பறிச்சு, அப்புறம் வான்கூவர் தீவுல ஒரு பண்ணையில மாடு பாத்துக்கிட்டு, கெடைச்ச வேலைய செஞ்சுக்கிட்டு இருந்தாரு. வடக்க எட்டிக்கூட பாக்கல. 1899ல அலாஸ்காவுல நோம் பக்கம் தங்கம்னு சேதி வந்ததும் கிளாண்டைக் தங்க வேட்டையில மொளைச்ச ஊரான டாசன் சிட்டியில இருந்த கூட்டம் அப்படியே கூடாரத்த பிரிச்சு அங்க ஓடிருச்சு. வேட்டை முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு, 1904 கடைசியில, ஒரு பேங்க் கிளார்க்கா டிரான்ஸ்ஃபர்ல யூகான்ல இருக்கற வைட்ஹார்ஸ்ங்கற ஊருக்கு வந்து எறங்குனாரு மனுஷன். டிரான்ஸ்ஃபர்ல! டாசனுக்கு போனதே 1908லதான். அப்ப அங்க மம்பட்டி புடிச்ச மனுஷன விட கம்பெனிக்காரங்க வச்சிருந்த டிரெட்ஜ் மெஷின்தான் ஆத்துப்படுகைய கொடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அதாவது கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிச்சு, வாடகை பாத்திரம் கூட திரும்பி போன பிறகு வந்து, பந்திய பத்தி பாட்டெழுதுன ஆளு. அந்தப் பாட்ட கேட்டவன் எவனுக்கும் இவரு அன்னைக்கு இல்லன்னு தோணவே இல்ல. இதுல இருக்கற கெட்டிக்காரத்தனத்த பிள்ளைங்களுக்கு சொல்லாம, கண்ணால பாத்தாருன்னு ஒரு பொய்ய போட்டு அவர சாதாரண ஆளாக்கிட்டீங்களேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

எப்படி எழுதுனாருன்னு பாருங்க. வைட்ஹார்ஸ்ல சர்ச் கூட்டம் மாதிரி நிகழ்ச்சியில மத்தவங்க எழுதுன பாட்ட ஒப்பிக்கிறது இவரு வழக்கம். அந்த ஊரு பேப்பர் ஆசிரியர் ஒருத்தர், ஸ்ட்ரோலர் வைட்னு கூப்பிடுவாங்க, ஏம்ப்பா அடுத்தவன் பாட்டையே சொல்லிட்டு இருக்க, நம்ம ஊர பத்தி நீயே ஒண்ணு எழுதேன்னு சொல்லிருக்காரு. ஒரு சனிக்கெழம ராத்திரி நடந்து வர்றப்ப சாராயக்கடையில இருந்து சத்தம் கேக்குது, அதுல இருந்து பொறந்துச்சு அவரோட இன்னொரு பேர்போன பாட்டு, டான் மெக்ரூ. அமைதியா எழுதணும்னு பேங்குக்கே போனாராம், ராத்திரில உள்ள சத்தம் கேட்டு காவல் இருந்தவன் திருடன்னு நெனச்சு சுட்டுட்டானாம், நல்ல வேளை குறி தப்பிருச்சாம். இது அவரே சொன்ன கதை. கதை சொல்றதுல கைதேர்ந்த மனுஷன் தன்ன பத்தி சொன்ன கதைய எவ்வளவு நம்பணுமோ அவ்வளவு நம்பிக்கோங்க. கடைசில அந்தப் பாட்டு சர்ச்சுக்கு ஒத்து வராத பாட்டா போச்சு, ஏன்னா அதுல சாராயக்கடை, சூதாட்டம், துப்பாக்கி, பெறகு லூன்னு ஒரு பொம்பளை.

டான் மெக்ரூ என்ன மாதிரி பாட்டுன்னு தமிழ் ஆளுக்கு ஒரே வார்த்தையில சொல்லிறலாம். கொலைச்சிந்து. ஒரு காலத்துல ரயில்லயும் சந்தையிலயும் காலணா அரையணாவுக்கு வித்தாங்களே, எங்கயாவது ஒரு கொலை நடந்தா அத பாட்டா கட்டி ஒருத்தன் நின்னு பாடி புத்தகத்த விப்பான், அந்த வகை. அழுக்கும் தாடியுமா ஒருத்தன் குளிர்ல இருந்து உள்ள வர்றான், தங்கத்தூள் பைய கடைக்காரன் முன்னாடி வீசி எல்லாருக்கும் ஊத்துன்றான், பியானோவுல உக்காந்து வாசிக்கிறான், வாசிக்க வாசிக்க அவன் வாழ்க்கைய எவனோ கெடுத்தது நமக்கு புரிய ஆரம்பிக்குது, லைட் அணையுது, ரெண்டு வெடி, ரெண்டு பொணம். லூ வந்து அந்த புது ஆள கட்டிப்புடிச்சு முத்தம் குடுக்குறா. குடுத்துட்டு அவன் பைய அமுக்கிர்றா. அந்த கடைசி வரிக்காகவே அந்த பாட்ட எத்தன தடவ வேணா கேக்கலாம்.

ஆனா நெசத்துல டாசன் அப்படி இல்லவே இல்ல. வடமேற்கு குதிரைப் போலீஸ், சாம் ஸ்டீல்னு ஒரு அதிகாரி, ஊருக்குள்ள லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி கட்டிட்டு நடக்கக்கூடாதுன்னு வச்சிருந்தாரு. சனிக்கெழம நடுராத்திரி ஆனா சாராயக்கடைய மூடணும். ஞாயித்துக்கெழம வெறகு வெட்டுனாலே ஃபைன் போட்டாங்கன்னு கதை உண்டு. அமெரிக்க மேற்குப் பக்கத்து துப்பாக்கி ஊர்கள் கணக்கா அங்க சுட்டுக்கிட்டு விழல. பேங்க் கிளார்க் அத வேணும்னேதான் பாட்டுக்குள்ள கொண்டு வந்தாரு. இதையும் பசங்ககிட்ட சொல்லணுமா இல்லையா? "டாசன்ல துப்பாக்கிக்கு தடை, பாட்டுல மட்டும் ஏன் வெடிக்குது"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, ஆறாம் கிளாஸ் பசங்க ஒரு மணி நேரம் சண்ட போடுவாங்க. உவமை கண்டுபிடிக்கிறத விட அது தேவலாம்.

சரி சாம் மெக்கீக்கு வர்றேன், எங்க வீட்டுல இப்ப அந்த ஆளு அஞ்சாவது மெம்பர்.

டென்னஸின்னு அமெரிக்காவுல தெக்க வெயில் ஊர்ல இருந்து வந்தவன். எப்பவும் குளிர் குளிர்னு பொலம்புவான். கிறிஸ்மஸ் அன்னைக்கு நாய்வண்டியில டாசன் பாதையில போய்க்கிட்டு இருக்கறப்ப, எனக்கு சாவ பத்தி பயமில்லடா, ஐஸ் குழியில என்ன போட்றாதீங்க, எரிச்சிருன்னு கூட்டாளிகிட்ட சத்தியம் வாங்கிட்டு செத்துப்போயிர்றான். வெறகு இல்ல, மனுஷன் இல்ல, சுத்தி பனி. கூட்டாளி பொணத்த வண்டியில கட்டிக்கிட்டு நாள் கணக்கா போறான், கொடுத்த வாக்கு அடைக்காத கடன் மாதிரின்னு அவன் சொல்ற எடம் ஒண்ணு இருக்கு. ஒரு ஏரிக்கரையில ஐஸ்ல சிக்கிக் கெடக்கற பழைய ஸ்டீமர பாக்குறான், அதோட பாய்லர்ல தீய மூட்டி உள்ள போட்டுட்டு, பாக்க மனசில்லாம வெளிய போயிட்டு, ரொம்ப நேரம் கழிச்சு வந்து கதவ தொறந்தா, சாம் மெக்கீ சிரிச்ச மொகமா நடு நெருப்புல உக்காந்துக்கிட்டு, கதவ மூடு குளிர் உள்ள வருது, டென்னஸிய விட்டு வந்ததுல இருந்து இப்பத்தான் மொத தடவ சூடா இருக்கேன்றான்.

இத பொண்ணு விருதுநகர்ல இருக்கற எங்கம்மாவுக்கு வீடியோ கால்ல தமிழ்ல சொன்னா. முழுக்க கேட்டுட்டு அப்பத்தா கேட்ட மொதக் கேள்வி, "எரிக்கச் சொன்னதுல என்ன கண்ணு அதிசயம்?" அப்பத்தான் எனக்கே உறைச்சுச்சு. இந்தப் பாட்டு வந்தப்ப கனடாவுல பொணத்த எரிக்கிறது கேள்விப்படாத விஷயம், மான்ட்ரியல்ல மொத எரியூட்டு நிலையம் வந்தே கொஞ்ச வருஷந்தான் ஆகிருந்துச்சு. அந்தக் காலத்து வாசகனுக்கு அந்த வார்த்தையே ஒரு திகில். எங்க வீட்டுக்கு அது திகில் இல்ல, கடமை. எங்கம்மா அடுத்து சொன்னது, "பாவம், அந்தப் பையன் வாக்கு குடுத்துட்டான்ல, தூக்கித்தான ஆகணும்." அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன்டா, அங்க அவ்வளவு குளிராடா?"ன்னு என்ன பாத்து கேட்டாங்க. நான் ஏதோ சொல்லி மழுப்பிட்டேன்.

அவ்வளவு குளிருதாங்க. பாட்டுல ஒரு எடம், கண்ண மூடுனா இமை முடி ஒட்டிக்கிட்டு தொறக்க மாட்டேங்குதுன்னு. மைனஸ் முப்பத்தஞ்சுல ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ன எல்லா பிள்ளைக்கும் அது தெரியும். உங்க ஒர்க்ஷீட்ல அத மிகைப்படுத்தல் அணிக்கு உதாரணமா போட்டிருக்கீங்க. மிகைப்படுத்தல் இல்லங்க அது, செவ்வாய்க்கெழம காலைல எங்க தெருமுனை.

இந்தக் கதையும் காதுல விழுந்ததுதான். டாசன் பக்கத்துல இருந்து வந்த ஒரு சுரங்கக்காரரு ஒரு விருந்துல சொன்னாராம், கூட்டாளிய எரிச்சவன் ஒருத்தன் கதை. அதுக்கு பின்னால ஒரு நெசம் இருக்குன்னும் சொல்லுவாங்க, ஆலிவ் மேன்னு ஒரு ஸ்டீமர், தரை கல்லா ஒறைஞ்சு கெடந்ததால பொதைக்க முடியாம ஒரு டாக்டர் பொணத்த அதோட பாய்லர்ல எரிச்சாருன்னு. பாட்டுல அது ஆலிஸ் மே ஆயிருச்சு. சாம் மெக்கீங்கற பேர எங்க புடிச்சாரு தெரியுமா, அவரு பேங்க் லெட்ஜர்ல. வைட்ஹார்ஸ்ல ரோடு போடுற வேலை பாத்துக்கிட்டு இருந்த ஒரு கஸ்டமர். டென்னஸியோட இயைபு வரணும், மெக்கீ வருது, அவ்வளவுதான். நெச மெக்கீ ஒன்டாரியோக்காரரு, டென்னஸிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. பாவம் அந்த மனுஷன் வாழ்நாள் பூரா "இன்னும் குளிருதா"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1930கள்ல திரும்ப யூகான் பக்கம் போனப்ப, இதுதான் சாம் மெக்கீயோட சாம்பல்னு அவருகிட்டயே விக்கப் பாத்தாங்களாம். இப்ப நம்ம ஊர் பேங்க்ல ஒரு கிளார்க் கஸ்டமர் பேர எடுத்து அவன பாய்லர்ல போட்டு பாட்டெழுதுனா வேலை இருக்குமா, யோசிச்சுப் பாருங்க.

புத்தகம் வந்த கதையும் அப்படித்தான். கிறிஸ்மஸ் போனஸா வந்த 100 டாலர வச்சு நண்பர்களுக்கு குடுக்க சொந்தமா அச்சடிக்கலாம்னு டொரான்டோவுல இருந்த அப்பாவுக்கு கட்டா அனுப்புனாரு. அச்சுக்கூடத்துல எழுத்து கோக்குறவங்க வேலையோட வேலையா அத சத்தமா படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, சேல்ஸ்மேன் புரூஃப கையில வச்சுக்கிட்டு போற எடமெல்லாம் படிச்சு காட்டியே ஆர்டர் புடிச்சுட்டாரு. பதிப்பாளர் 100 டாலர திருப்பி அனுப்பிட்டு ராயல்டி தர்றேன்னாரு. 1907 அது. அந்த ஒரு புத்தகத்துலயே லட்சம் டாலருக்கு மேல பாத்தாருன்னு சொல்றாங்க. பேராசிரியருங்க மதிக்கல, விமர்சகருங்க மதிக்கல, அவரே கூட நான் எழுதுறது கவிதை இல்ல, வெறும் செய்யுள்தான்னு சொல்லிக்கிட்டாரு. ஆனா அச்சுக்கோக்குறவன் வாய்விட்டு படிச்சான். எனக்கு தெரிஞ்சு அத விட பெரிய விமர்சனம் இருக்க முடியாது. ஒவ்வொரு வரியிலயும் நடுவுல ஒரு இயைபு, கடைசில ஒரு இயைபு, நாய்வண்டி ஓடுற மாதிரி ஒரே ஓட்டம், காகிதத்துல கெடந்தா அது செத்த பாட்டு. அதப் போயி பதினோரு கேள்வியா வெட்டி வச்சிருக்கீங்க.

அந்த புத்தகத்தோட பேரு, தமிழ்ல சொன்னா, "புளிச்ச மாவுக்காரன் பாட்டு". சவர்டோ. யூகான்ல ஒரு குளிர்காலம் முழுசும் தாக்குப்புடிச்ச பழைய ஆளுக்கு அந்தப் பேரு, ஆறு ஒறையறதையும் பாத்து மறுபடி ஐஸ் ஒடையறதையும் பாத்தவன். ரொட்டிக்கு புளிச்ச மாவ பைக்குள்ள வச்சு, ராத்திரி ஒறைஞ்சு போகாம இருக்க ஒடம்போட அணைச்சுக்கிட்டு தூங்குவாங்களாம். ஒர்க்ஷீட்ல இதுக்கு ஒரு வரி அடிக்குறிப்பு. எங்க வீட்டுக்கு அடிக்குறிப்பே வேணாம்ங்க. டிசம்பர்ல இந்த ஊர்ல தோசை மாவு பொங்கணும்னா ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வைக்கணும், மொத வருஷம் அது தெரியாம ஹீட்டர் பக்கத்துல பாத்திரத்த போர்வை சுத்தி வச்சு, ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு பாத்திருக்கோம் நானும் வீட்டுக்காரம்மாவும். புதுசா வந்தவனுக்கு அங்க சீச்சாக்கோன்னு பேரு. சர்வீஸோட ரெண்டாவது புத்தகம், 1909, சீச்சாக்கோ பாட்டுங்கற மாதிரி பேரு. மொத புத்தகத்துல பழைய ஆளு, ரெண்டாவதுல புது ஆளு, அவரே தலைகீழாத்தான் வச்சிருக்காரு, உண்மை எங்கயோ கசிஞ்சுதான் தீரும் போல.

இவ்வளவு நேரம் பாராட்டுனேன். இப்ப நான் எழுத வந்த இன்னொரு விஷயம், இது கஷ்டமானது.

அதே 1907 புத்தகத்துல யூகானோட மயக்கத்த பத்தி ஒரு பாட்டு இருக்கு, அமெரிக்காவுல அந்த பேருலதான் புத்தகமே வந்துச்சு. அதையும் உங்க தொகுப்புகள்ல போடுறீங்க. அதுல, மலைகளுக்கு பேரில்லாத ஒரு நாடு, ஆளில்லாத பள்ளத்தாக்குன்னு வருது. படிக்க எவ்வளவு நல்லா இருக்கு. நானும் வாய்விட்டு சொல்லிப் பாத்து கெறங்கி இருக்கேன்.

அந்த மலைக்கெல்லாம் பேரு இருந்துச்சுங்க. கிளாண்டைக்குங்கற வார்த்தையே அந்த பேருல ஒண்ணுதான். அங்க தலைமுறை தலைமுறையா இருக்கற பழங்குடிகளான ஹான் மக்களோட ட்ரான்டெக்னு ஆத்துப் பேரு, வாயில நொழையாம வந்தவங்க அத கிளாண்டைக் ஆக்கிட்டாங்க. சால்மன் மீன் புடிக்க ஆத்துல கம்பு நடுவாங்க, அந்தக் கம்ப அடிச்சு எறக்குற சுத்தியல்கல்ல வச்சு வந்த பேரு. கிளாண்டைக் ஆறு யூகான் ஆத்துல கலக்கற எடத்துலதான் ட்ரோச்செக்னு அவங்க மீன்புடி ஊரு, தலைமுறை தலைமுறையா. தங்கம் கெடைச்சு கொஞ்ச நாள்ல அங்க கூடாரமும் மரக்கடையுமா ஆயிருச்சு. ஹான் மக்களோட தலைவர் ஐசக் தன் ஜனத்த கூட்டிக்கிட்டு ஆத்தோட கீழ மூஸ்ஹைடுங்கற எடத்துக்கு போயிட்டாரு, டாசன்ல இருந்து சில கிலோமீட்டர். ஏன், அந்த மொத தங்கத்த பாத்ததே யாரு? ஜார்ஜ் கார்மேக்னு ஒரு வெள்ளக்காரர் பேருலதான் கண்டுபிடிச்ச உரிமை பதிவாச்சு. கூட இருந்தது அவரு மனைவி கேட், அந்தம்மாவோட சகோதரர் ஸ்கூக்கும் ஜிம், சொந்தக்காரர் டாசன் சார்லி, மூணு பேரும் டாகிஷ்னு இன்னொரு பழங்குடி ஜனம். மொதல்ல கண்ணுல பட்டது ஜிம்முக்குத்தான்னு இன்னைக்கும் நெறைய பேரு சொல்றாங்க. ஆளில்லாத பள்ளத்தாக்காம்.

எனக்கு தூக்கம் கெட்ட விஷயம் இதுதான். தலைவர் ஐசக், வெளியாளுங்க கூட்டம் பெருகி வர்றத பாத்து, இனிமே நம்ம பாட்டும் ஆட்டமும் இங்க பொழைக்காதுன்னு பயந்து, தன் ஜனத்தோட பாட்டுகள அலாஸ்கா பக்கம் இருந்த சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சாரு. பத்திரமா வச்சிருங்க, ஒரு நாள் வேணும்னு. நகைய ஒப்படைக்கிற மாதிரி பாட்ட. அவங்களும் வச்சிருந்தாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1990கள்ல, டாசன் பிள்ளைங்க போய் அத கத்துக்கிட்டு திரும்ப கொண்டு வந்தாங்க, இப்ப பாடுறாங்க, ஆடுறாங்க. கொடுத்த வாக்கு கடன்னு சாம் மெக்கீயோட கூட்டாளி ஒரு பொணத்த கொஞ்ச நாள் சொமந்தான்னு நம்ம பிள்ளைங்க மனப்பாடம் பண்ணுது. ஒரு ஜனத்தோட பாட்ட மூணு நாலு தலைமுறை சொமந்து வந்து திருப்பிக் குடுத்தவங்கள பத்தி உங்க பாடத்துல ஒத்த வரி இல்ல. ரெண்டும் அதே ஆத்துக்கரை.

சர்வீஸ் மேல நான் பழி போடல, போட்டு என்ன ஆகப்போகுது, மனுஷன் 1958லயே பிரான்ஸ்ல போய்ச் சேந்துட்டாரு. 1912ல டாசன விட்டு போனவரு திரும்பி வரவே இல்ல. மொத உலகப்போர்ல ஆம்புலன்ஸ் ஓட்டுனாரு, தம்பி ஒருத்தன அந்தப் போர்ல பறிகொடுத்தாரு, அந்த பாட்டுங்க ஒரு தனி புத்தகம், சிரிப்புக்கு அதுல அவ்வளவு எடம் இல்ல. அவரு காதுல என்ன விழுந்துச்சோ அத எழுதுனாரு. பேங்க் கவுன்டர் பக்கத்துல நின்னு பேசுனவங்க கதை விழுந்துச்சு. மூஸ்ஹைடுல இருந்தவங்க கதை விழல, இல்ல விழுந்தும் எழுதல. அத இப்ப பக்கத்துல வச்சு சொல்ற வேலை உங்களுது. 2023ல யுனெஸ்கோ அந்த எடங்கள உலக பாரம்பரியச் சின்னமா சேத்தப்ப வச்ச பேரு ட்ரான்டெக்-கிளாண்டைக். ரெண்டு பெயரும் சேந்துதான் பட்டியல்ல இருக்கு. ஐநா சபையே பக்கத்துல பக்கத்துல போட்டிருச்சு, ஒரு ஒர்க்ஷீட்ல போட முடியாதா?

சிலர் இந்தப் பாட்டையே தூக்கிறலாம்னு பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன், பழசு, ஆம்பளத்தனமா இருக்கு, வெள்ளக்காரன் பெருமைன்னு. தயவு செஞ்சு தூக்காதீங்க. எங்க பொண்ணு ரெண்டு வருஷமா ஸ்கூல்ல வாயத் தொறக்காத பிள்ளை. டீச்சர் மீட்டிங் போனாலே அமைதியா இருக்கா, அமைதியா இருக்காம்பாங்க, அதுல பாராட்டு எவ்வளவு கவலை எவ்வளவுன்னே பிடிபடாது. இந்த ஒரு மாசமா வீட்டுல சமையக்கட்டுல, பாத்ரூம்ல, கார்ல, எங்க பாத்தாலும் இந்தப் பாட்டுதான், தம்பிக்காரன் பொணமா நடிக்கிறான், சோபா தான் பாய்லர். வெயில் ஊர்ல இருந்து வந்து குளிர் தாங்காம பொலம்புற ஒரு ஆள நடுவுல வச்சு கனடாவுக்கே பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்கறது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு புரியுமான்னு தெரியல. எட்மன்டன்லயே 1897ல கடைக்காரங்க எங்க ஊர் வழியா போங்க, கனடா மண்ணுலயே போயிறலாம்னு விளம்பரம் பண்ணி ஜனத்த அனுப்பி வச்சாங்க. நம்பிப் போனவங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேருதான் போய்ச் சேந்தாங்க, அதுக்குள்ள நல்ல ஓடையெல்லாம் அடுத்தவன் பேருல பதிவாகிருச்சு. எங்க தெரு வழியாவே கூட போயிருக்கலாம் சில சாம் மெக்கீங்க. இத அவகிட்ட சொன்னப்ப ஜன்னல்கிட்ட போயி வெளிய பாத்துட்டு வந்தா.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வரிய அடிச்சுட்டு, தங்க வேட்டை முடிஞ்ச பிறகு வந்து காதால கேட்டு எழுதுன பேங்க் கிளார்க்னு போடுங்க. மலைக்கு பேரில்லைங்கற பாட்ட போடுறப்பல்லாம் அடுத்த பக்கத்துலயே அந்த மலை, அந்த ஆத்து பேர போடுங்க, அந்த மக்கள் டாசன்லதான் இருக்காங்க, கலாச்சார மையமே வச்சிருக்காங்க, எத போடணும் எப்படி போடணும்னு அவங்ககிட்டயே கேளுங்க. பதினோரு கேள்விய எடுத்துட்டு அந்த எடத்துல, எந்திரிச்சு நின்னு சத்தமா சொல்லுன்னு மட்டும் போடுங்க. இமை முடி கேள்விய எப்படியும் எடுத்துருங்க.

வெள்ளிக்கெழம அவளுக்கு கிளாஸ்ல முறை. நேத்து ராத்திரி ஒத்திகையில ஒரு எடத்துல கூட தடுக்கல.

இப்படிக்கு,
எட்மன்டன்ல இருந்து ஒரு அப்பா

பின்குறிப்பு: பாட்டுல வர்ற ஏரி பேரு லபார்ஜ், மேப்ல பாத்தா லபெர்ஜ். முன்னாடி வர்ற சொல்லோட இயைஞ்சு வரணும்னு அவரு கொஞ்சம் வளைச்சுட்டாரு. ஒர்க்ஷீட்ல அத எழுத்துப்பிழைன்னு நெனச்சு யாரோ திருத்தி வச்சிருக்கீங்க, பாட்டு நொண்டுது, தயவு செஞ்சு பழையபடி மாத்திருங்க.

இன்னொண்ணு. நெச சாம் மெக்கீ 1940ல நம்ம ஆல்பர்ட்டாவுலதான் செத்தாரு, பெய்சிகர் பக்கத்துல. எரிக்கல, பொதைச்சிருக்காங்க. இத கேட்டதுல இருந்து பொண்ணுக்கு மனசே ஆறல, அய்யோ குளிருமேன்றா. மே மாசம் ஐஸ் உருகுனதும் கூட்டிட்டு போறேன்னு சொல்லிருக்கேன். அதுக்கு இப்பவே கேக்குறா, ஜாக்கெட் ரெண்டு எடுத்துக்கவான்னு.